உங்கள் மருந்துக்கடையில் ‘மருந்துப் பை’ முகாம் நடத்துவது எப்படி

சொந்தமாக மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் ஒருவர் தம் ஊருக்காக ஒரு நாள் நிகழ்ச்சி நடத்த விரும்பினால், முதலில் மனத்தில் தோன்றுவது இலவச சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்தான். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அதைத் தனியார் மருத்துவமனைகளும் அரிமா, ரோட்டரி சங்கங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் ஆண்டு முழுவதும் நடத்திக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக அரசே வீடு தேடிச் சென்று இந்த இரண்டையும் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவருகிறது. மருந்தாளுநர் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடியதும், இன்று பெரும்பாலும் யாரும் செய்யாததுமான வேலை வேறொன்று உண்டு. ஒருவர் வீட்டில் இருக்கும் அத்தனை மருந்துகளையும் ஒரே மேசையில் பரப்பி, எது எதற்கு, எது இரட்டிப்பாக இருக்கிறது, எது எதோடு ஒத்துப்போகாது, எது காலாவதியானது என்று பொறுமையாகப் பார்த்துச் சொல்வதே அது.

இதய மருத்துவர் ஒரு சீட்டு எழுதுகிறார், மூட்டு வலிக்கு வேறொருவர் எழுதுகிறார், சர்க்கரைக்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை தருகிறார்கள், இடையில் காய்ச்சலுக்கு எங்கோ ஒரு கடையில் வாங்கியது மீதம் இருக்கிறது. இவர்களில் ஒருவரும் மற்றவர் கொடுத்ததை முழுதாகப் பார்ப்பதில்லை. எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் நோயாளியின் வீட்டு அலமாரி மட்டுமே. அந்த அலமாரியை ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவரச் செய்வதுதான் இங்கே சொல்லப்போகும் நிகழ்ச்சி. சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பதை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். மக்களை வரவழைக்க அது உதவும்.

எத்தனை பேர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

முகாம் என்றாலே கூட்டம் சேர வேண்டும் என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. மருந்துப் பையைப் பார்க்கும் வேலை கூட்டத்துக்கு ஒத்துவராது. ஒரு பையை ஒழுங்காகப் பார்த்து, நோயாளியிடம் கேட்டு, எழுதிக் கொடுக்க ஏறத்தாழ 12 நிமிடம் பிடிக்கும். மூன்று மணி நேர முகாமில் ஒரு மருந்தாளுநர் 15 பைகளைத்தான் பார்க்க முடியும். இருவர் உட்கார்ந்தால் 30. அதற்கு மேல் டோக்கன் கொடுத்தால் பத்தாவது ஆளிடமிருந்தே அவசரம் தொடங்கிவிடும், பிழைகள் கண்ணில் படாமல் போகும். ஆகவே டோக்கனை முன்கூட்டியே, நேரம் குறித்துக் கொடுங்கள். 70 வயதுப் பெரியவர் ஒருவர் இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பதைவிட, 9.24க்கு வரச் சொன்னால் 9.20க்கு வந்து நிற்பார்.

யாரை அழைப்பது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. உங்கள் பில் புத்தகத்தையோ கணினியையோ புரட்டினால், மாதந்தோறும் ஐந்து வகைக்கு மேல் மாத்திரை வாங்குபவர்கள் யார் என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதல் டோக்கன்கள் அவர்களுக்கே உரியவை. தனியாக வாழும் முதியவர்கள், அண்மையில் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியவர்கள், இன்சுலின் போடுபவர்கள் ஆகியோர் அடுத்தவர்கள்.

நாளும் நேரமும்

செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் நாள்; பன்னாட்டு மருந்தியல் கூட்டமைப்பு 1912இல் நிறுவப்பட்ட நாள் என்பதால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த நாளையொட்டி நடத்தினால், மருந்தாளுநர் என்பவர் யார் என்று மக்களுக்குச் சொல்லவும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். நவம்பர் மூன்றாம் வாரத்தில் தேசிய மருந்தியல் வாரம் வருகிறது, நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். ஆனால் இரண்டும் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகின்றன. கடை வாசலில் பந்தல் போட்டு நடத்துவதானால் நவம்பரைத் தவிர்ப்பதே நல்லது. பள்ளிக்கூட அறையோ சமுதாயக் கூடமோ கிடைத்தால் நடத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 8 முதல் 11 வரை பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் பெரியவர்களை அழைத்துவர வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். நாள்காட்டியில் முகூர்த்த நாள் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சந்தை நாள், கோயில் திருவிழா, தேவாலயப் பிரார்த்தனை நேரம் ஆகியவற்றையும் அப்படியே. இசுலாமியக் குடும்பங்கள் மிகுந்த பகுதியில் கடை இருந்தால், ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன் நடத்துவது மிகவும் பயனுள்ளது. நோன்பு நாட்களில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் நேரத்தையும் அளவையும் மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியவர்கள் யார் என்பதை அப்போதே கண்டுபிடித்து அனுப்பிவைக்கலாம்.

சட்டம் சார்ந்தவை

முதல் விஷயம், பலர் கவனிக்காமல் விடுவது. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 65ஆம் விதிப்படி, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். கடையில் இருக்கும் ஒரே மருந்தாளுநர் நீங்கள். நீங்கள் முகாம் மேசையில் உட்கார்ந்துவிட்டால், உள்ளே கவுண்டரில் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார் மேற்பார்வையில்? ஆகவே முகாம் நேரத்துக்கு இன்னொரு பதிவுபெற்ற மருந்தாளுநரை ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் அந்த மூன்று மணி நேரம் விற்பனையை நிறுத்திவையுங்கள். பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் நண்பரை அழைத்து, அடுத்த முறை அவர் முகாமுக்கு நீங்கள் போவதாக ஒப்பந்தம் செய்துகொள்வது சிறந்த வழி.

மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் பணி என்பதை 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில்முறை ஒழுங்குமுறைகள் தெளிவாக ஏற்கின்றன. நோயைக் கண்டறிவதும் மருந்தை நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் அந்தப் பணியில் சேராது. இந்த எல்லைக்கோட்டை முகாமில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். விரலில் குத்தி ரத்தம் பார்ப்பதை ஒரு மருத்துவரின் பொறுப்பில், செவிலியர் அல்லது ஆய்வக நுட்பனரைக் கொண்டு செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே உங்கள் சரக மருந்து ஆய்வாளரைச் சந்தித்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிவிடுவது பின்னால் வரும் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

நடைபாதையிலோ தெருவிலோ பந்தல் போடுவதானால் நகராட்சி அல்லது பேரூராட்சி அனுமதியும், ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலைய அனுமதியும் தேவை. ஒலிபெருக்கியே வேண்டாம் என்பது என் எண்ணம். தம் நோயைப் பற்றிப் பேச வந்திருப்பவர்களுக்கு அது இடைஞ்சல்தான்.

அழைப்பிதழிலும் பதாகையிலும் போடும் சொற்களிலும் கவனம் தேவை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. “சர்க்கரை நோய்க்குத் தீர்வு” என்று நன்றாக இருக்கிறதே என்று அச்சகத்தில் போட்டுவிடுவார்கள்; அச்சுக்குப் போகும் முன் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மருத்துவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்

இதைச் செய்யாமல் முகாம் நடத்தினால் நன்மையைவிட மனத்தாங்கலே மிஞ்சும். நோயாளி முகாமில் இருந்து நேரே மருத்துவரிடம் போய், “மெடிக்கல்காரர் இந்த மாத்திரை தப்பு என்கிறார்” என்று சொன்னால், எந்த மருத்துவருக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் நோயாளி மீது திரும்பும். சுற்றியுள்ள மருத்துவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் ஆகியோரை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் நேரில் பாருங்கள். நீங்கள் எதையும் மாற்றப்போவதில்லை, கவனத்துக்குரியதாகத் தோன்றுவதை ஒரு தாளில் எழுதி நோயாளியிடம் கொடுத்தனுப்பப்போகிறீர்கள் என்று சொல்லி, அந்தத் தாளின் மாதிரியையும் காட்டுங்கள். அதில் “இந்த இரண்டு சர்க்கரை மாத்திரைகளிலும் மெட்ஃபார்மின் உள்ளது, தங்கள் கவனத்துக்கு” என்ற அளவில்தான் வாசகம் இருக்க வேண்டும். எந்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடலாம் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரை முகாமுக்கே அழைத்துவிடுங்கள். புதிதாகப் பிரஷரோ சர்க்கரையோ தெரியவந்தவர்களை அரசுத் திட்டத்தில் சேர்ப்பதற்கு அவர்தான் வழி.

அழைப்பைப் பையாகவே கொடுங்கள்

துண்டறிக்கை கொடுத்தால் மக்கள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள், அதோடு சரி. அதற்குப் பதிலாக, முகாமுக்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்று மஞ்சப் பையைக் கையில் கொடுங்கள். பையின் மேல் நாளும் நேரமும், கீழே பெரிய எழுத்தில் “வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் இதில் போட்டுக் கொண்டுவாருங்கள்” என்ற ஒரு வரியும் இருந்தால் போதும். பையைக் கொடுக்கும்போது வாயாலும் சொல்ல வேண்டும்: ஃபிரிட்ஜில் இருப்பது, தலையணைக்கடியில் இருப்பது, சாமி மாடத்தில் இருப்பது, கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், தைலம், சத்து மாத்திரை, லேகியம், நாட்டு மருந்து, பாதி முடிந்த சிரப் எல்லாம் வர வேண்டும், வெளி அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாமல் அப்படியே கொண்டுவர வேண்டும், டாக்டர் சீட்டும் பழைய ரிப்போர்ட்டும் சேர்ந்து வர வேண்டும். “முக்கியமானதை மட்டும் கொண்டுவந்தேன்” என்று வருபவர்களே அதிகம். நாம் பார்க்க வேண்டியது பெரும்பாலும் அவர்கள் விட்டுவிட்டு வந்ததில்தான் இருக்கும். இன்சுலின் மட்டும் விதிவிலக்கு: குளிரில் வைத்திருக்கும் புட்டியை வெயிலில் தூக்கிவரச் சொல்லாமல், பெயரை எழுதியோ கைபேசியில் படம் எடுத்தோ கொண்டுவரச் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள். முகாமுக்காக யாரும் அன்றைய மாத்திரையை நிறுத்த வேண்டாம், பட்டினியாகவும் வர வேண்டாம். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பது மருத்துவ ரீதியில் சிறந்ததுதான். ஆனால் இன்சுலினும் மாத்திரையும் எடுக்கும் முதியவர்களை வெறும் வயிற்றோடு வரிசையில் நிறுத்துவதில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பெரிது.

இடத்தை அமைப்பது

நான்கு இடங்கள் தேவை: பெயர் பதியும் மேசை, ஓய்வாக உட்காரும் நாற்காலிகள், பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் மேசை, மருந்துப் பை மேசை. கடைசி மேசையை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மறைப்புத் திரை கட்டாயம் வேண்டும். காசநோய் மாத்திரை, மனநல மாத்திரை, எச்ஐவி மருந்து, கருத்தடை மாத்திரை இவற்றைத் தெருக்காரர்கள் பார்க்கும்படி யாரும் மேசையில் பரப்ப மாட்டார்கள். திரை இல்லாவிட்டால் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். பெண்களுக்குப் பிரஷர் கருவியின் கைப்பட்டையைக் கட்ட ஒரு பெண் இருக்க வேண்டும். மருந்து மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள், நல்ல வெளிச்சம் இருக்கட்டும், ஒரு பூதக்கண்ணாடி வையுங்கள். அட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதி பல நேரங்களில் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது.

பிரஷர், சர்க்கரை மேசை

வேகமாகப் பார்த்த பிரஷர், பார்க்காததற்குச் சமம். வந்தவர் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே கருவியைக் கட்ட வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, கால்கள் தரையில் பதிந்திருக்க, கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும்; பட்டையைச் சட்டைக் கைமேல் கட்டக் கூடாது; பார்க்கும்போது பேச்சுக் கொடுக்கவும் கூடாது. அரை மணி நேரத்துக்குள் டீ, காபி குடித்தவரையும் பீடி புகைத்தவரையும் சிறிது நேரம் காக்கவைக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தக் குழாய் இணைப்புச் செய்த கையில் பட்டை கட்டவே கூடாது. பருத்த கைக்குப் பெரிய பட்டை ஒன்று கட்டாயம் வைத்திருங்கள். சிறிய பட்டையில் அளவு கூடுதலாகக் காட்டும்.

சர்க்கரைக்குப் பரிசோதனைப் பட்டைகள் பொதுவாக 50 கொண்ட டப்பாவில் வரும். 40 பேருக்கு ஒரு டப்பா என்று கணக்கு வையுங்கள், பத்து வீணாகத்தான் போகும். ஒவ்வொரு பட்டையை எடுத்ததும் டப்பாவை மூடிவிட வேண்டும்; காற்றின் ஈரம் பட்டால் முடிவு தவறும். பட்டையைத் தொடுவதற்கு முன் வந்தவர் கையைக் கழுவித் துடைப்பது அவசியம். வழியில் வாழைப்பழம் தின்றுவிட்டு வந்தவரின் விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவைக் கூட்டிவிடும். ஊசி ஒருவருக்கு ஒன்று. விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பயன்படுத்திய ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலனிலும், ரத்தம் பட்ட பஞ்சு மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையிலும் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும் என்பதால், கழிவை எடுத்துச் செல்ல ஒரு மருத்துவமனையோடு முன்பே பேசி வையுங்கள்.

முடிவைச் சொல்லும் முறை முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், வேறொரு நாளில் மருத்துவரிடம் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. சாப்பிட்ட நிலையில் விரல் ரத்தத்தில் சர்க்கரை 140க்கு மேல் இருந்தால், முறையான ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பிரஷர் 180/120ஐத் தொட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஏதாவது இருந்தால் மறுபடி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியவருக்கு, அவர் நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மருந்துப் பையைப் பார்ப்பது

நிகழ்ச்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பையை நீங்கள் கவிழ்க்காதீர்கள். அவரையே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எடுத்து வைக்கும்போதே, “இது எதுக்குங்கம்மா? எப்போ போடுவீங்க?” என்று கேளுங்கள். மக்கள் பெயரால் மாத்திரையை அறிவதில்லை. “இந்தச் சின்ன வெள்ளை பிரஷருக்கு, ரோஸ் கலர் நெஞ்சுக்கு” என்றுதான் சொல்வார்கள். கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரை கொடுத்ததால் நிறம் மாறிப்போய், பழையதையும் புதியதையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருப்பவர் இந்தக் கேள்வியில்தான் பிடிபடுவார்.

பிறகு மூலப் பெயரை, அதாவது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் பெயரை, பாருங்கள். காய்ச்சலும் உடல்வலியும் வந்த ஒருவரின் பையில் மூன்று அட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: டோலோ 650, ஒரு சளி மாத்திரை, ஒரு மூட்டுவலி மாத்திரை. மூன்றும் மூன்று வேலைக்கு என்று அவர் நினைக்கிறார். முதலாவதை மூன்று வேளை போட்டால் 1,950 மில்லிகிராம் பாராசிட்டமால். சளி மாத்திரையில் 500 இருந்தால் மூன்று வேளைக்கு 1,500. அசிக்ளோஃபினாக்கோடு 325 சேர்ந்த வலி மாத்திரை இரண்டு வேளைக்கு 650. மொத்தம் 4,100. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பான 4,000 மில்லிகிராமை, எந்த மாத்திரையையும் தவறாகப் போடாமலேயே அவர் தாண்டிவிட்டார். இந்தக் கூட்டலை அவர் கண்முன்னே தாளில் போட்டுக் காட்டுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு அவரே அட்டையைத் திருப்பிப் படிப்பார்.

அடுத்து, ஒரு மருந்தின் பக்கவிளைவுக்காக இன்னொரு மருந்து ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். பிரஷருக்கு எனலாபிரில், ராமிபிரில் எடுக்கும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அதற்காக அவர்கள் மாதக்கணக்கில் இருமல் சிரப் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதையும் பெரும்பாலும் நம் கவுண்டரில்தான் வாங்கியிருப்பார்கள். இன்னொரு பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்கி, அதற்கு வேறெங்கோ நீர் மாத்திரை எழுதியிருப்பார்கள். இந்த இணைப்பை வேறு எந்த முகாமும் கண்டுபிடித்துச் சொல்லாது. நீங்களும் “இருமல் இந்த மாத்திரையால்தான்” என்று நோயாளியிடம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவருக்கு எழுதும் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள்.

நேரமும் முறையும் தனியே கேட்க வேண்டியவை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறாரா, அதோடு சேர்த்துக் கால்சியமோ இரும்புச் சத்து மாத்திரையோ போடுகிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இன்ஹேலர் வைத்திருப்பவரை உங்கள் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், வாயால் விளக்கினால் போதாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டு, ஈர மணலில் பதித்த மண்பானை முறையைச் சொல்லிக் கொடுங்கள். ஃபிரிட்ஜ் உள்ளவர்களிடம், உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உறையவிட்ட இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லுங்கள்.

சில விஷயங்களில் தாளோடு நிறுத்தக் கூடாது, அங்கிருந்தே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டை ஒருவர் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் அது உயிருக்கு ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் வலி மாத்திரையும் சேர்த்துப் போடுவதும் அப்படியே. பெயரில்லாத காகிதப் பொட்டலத்தில், “மூட்டு வலிக்கு ஒரு இடத்தில் தருகிறார்கள், போட்டவுடன் கேட்கிறது” என்று ஒருவர் மாத்திரையைக் காட்டினால், அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும் என்ற ஐயத்தோடு அணுகுங்கள். ஆனால் உடனே நிறுத்துங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான்.

எல்லாம் முடிந்ததும், எந்த மாத்திரை, எதற்கு, காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா படம் வரைந்து, பக்கத்திலேயே அந்த மாத்திரையின் வெற்று அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டிக் கொடுங்கள்.

காலாவதியான மருந்துகளைத் திரும்பப் பெறுவதானால், அவை கடைச் சரக்கோடு எக்காரணத்தாலும் கலக்கக் கூடாது. பூட்டிய தனிப் பெட்டியில் போட்டு, உயிரி மருத்துவக் கழிவாக அழிக்கும் ஏற்பாடு உறுதியாக இருந்தால் மட்டுமே பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடையாளமிட்டுச் சொல்லித் திருப்பிக் கொடுப்பதே நேர்மை.

விற்பனையும் செலவும்

அன்று முகாம் மேசையில் எதையும் விற்காதீர்கள், தள்ளுபடிச் சீட்டும் கொடுக்காதீர்கள். மருந்து நிறுவனப் பிரதிநிதிகள் குளுக்கோமீட்டரும் பட்டையும் இலவசமாகத் தர முன்வருவார்கள். அவர்களின் சின்னம் மேசையில் இருக்காது, வந்தவர்களின் தொலைபேசி எண்கள் அவர்களுக்குப் போகாது என்ற இரண்டு நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். மருத்துவர்களுக்குக் கொடுக்கும் மாதிரி மாத்திரைகளை இலவசம் என்ற பெயரில் விநியோகிக்க இடம் கொடுக்காதீர்கள். இரண்டு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கும்படி கடைக்காரரே எழுதிக் கொடுத்தார் என்ற செய்தி தெருவில் பரவினால், பெரிய சங்கிலிக் கடைகளின் தள்ளுபடியோடு போட்டியிட உங்களுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

செலவு பெரிதாக ஆகாது. பைகள், பட்டைகள், ஊசிகள், பந்தல், நாற்காலி வாடகை, அச்சுக் கூலி, வந்தவர்களுக்குச் சுண்டலும் உப்புக் குறைத்த மோரும். இனிப்பும் பஜ்ஜியும் வேண்டாம்.

அடுத்து வரும் இரண்டு வாரங்கள்

முகாம் முடிந்த அன்று மாலையே பதிவேட்டை எடுத்து உட்காருங்கள். மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களின் பெயர்களைத் தனியே எழுதி, அவர்கள் சம்மதித்துக் கொடுத்த எண்ணுக்கு மூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் கூப்பிடுங்கள். “டாக்டரைப் பார்த்தீங்களா, என்ன சொன்னார்?” என்ற ஒரு கேள்வி போதும். போகாதவர்களில் பலர் பணத்துக்காகவோ துணைக்கு ஆள் இல்லாமலோதான் போகாமல் இருப்பார்கள். அவர்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி அரசு மருத்துவமனை வழியில் சேர்த்துவிடுங்கள். கடிதம் பெற்ற மருத்துவர்களையும் ஒருமுறை நேரில் பார்த்து, எந்தக் குறிப்பு பயன்பட்டது, எது தேவையில்லாமல் இருந்தது என்று கேளுங்கள். பதிவேட்டைப் பூட்டி வையுங்கள். அதிலுள்ள எதையும் கடை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள், படங்களையும் அப்படியே.

பதிவேட்டை இன்னொரு முறை, உங்கள் கடைக்காகவும் படியுங்கள். பைகளில் காலாவதித் தேதி வெட்டுப்பட்ட அட்டைகள் எத்தனை வந்தன, அவற்றில் நம் கடையில் இருந்து போனவை எத்தனை என்று பாருங்கள். நாலு மாத்திரை கேட்பவருக்குத் தேதி அச்சிட்ட முனையில் இருந்து வெட்டிக் கொடுத்துவிட்டால், மீதி அட்டை தேதியில்லாமல் நிற்கும். எதிர் முனையில் இருந்து வெட்டினால் கையில் போகும் துண்டில் தேதி இருக்காது. ஆகவே வெட்டும்போதெல்லாம் பெயரையும் காலாவதித் தேதியையும் உறைமேல் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கவுண்டரில் நிற்கும் பையன்களுக்குப் பழக்குங்கள். இருமல் சிரப் மூன்றாம் முறை கேட்டு வருபவரிடம் “பிரஷருக்கு என்ன மாத்திரை போடுறீங்க?” என்று கேட்கவும், மாத்திரையின் நிறமோ நிறுவனமோ மாறினால் “இது பழைய மாத்திரையேதான், இரண்டையும் சேர்த்துப் போடாதீங்க” என்று பில்லோடு சொல்லவும் அவர்களுக்கு மறுநாள் காலையிலேயே சொல்லிக் கொடுங்கள்.